கேபிள் புஷ்ஷும் என் காலும்

23.7.2003, புதன்

இரண்டு மாதமாக எங்கள் பழைய காரின் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். சொன்னபோதெல்லாம் வீட்டுக்காரர், "வண்டில ஒண்ணுமில்ல, ஒனக்குத்தான் கால்ல நிதானம் பத்தல" என்றார். திங்களன்று ஓடைப்பட்டியில், பள்ளிக்கூட வாசலிலேயே வண்டி அப்படிப் பாய்ந்து ஒரு பால்காரரின் சைக்கிளை உரசிவிட்டது. அவருக்கு அடி இல்லை. அன்றே இவர் சாவியை வாங்கிக்கொண்டு, "இனிமே பஸ்ஸுல போ" என்று சொல்லிவிட்டார்.

இன்று இவர் ஏலக்காய் வாங்கக் குமுளிக்குப் போனதும் அரைநாள் லீவு போட்டேன். பீரோவிலிருந்து சாவியை எடுத்து, வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பெடலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், இங்கன பாருங்க. கேபிளப் பிடிக்கிற புஷ் ரெண்டும் தேஞ்சு போச்சு. கேபிள் ஆடுனா வண்டி பாயத்தான் செய்யும். ஒங்க கால்ல ஒரு கொறையும் இல்ல."

அரை மணி நேரத்தில் புதுசு மாட்டிவிட்டார்.

சாயங்காலம் எதுவும் சொல்லாமல், இவரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து, "பாத்தியா, நான் மிதிச்சா எம்புட்டு அமரிக்கையாப் போகுது!" என்றார்.

தேய்ந்த புஷ் இரண்டையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"மெக்கானிக்குன்னா எதையாவது சொல்லத்தான செய்வாக" என்று எழுந்து போய்விட்டார். போகிற வேகத்தில் சாவியை மறந்துவிட்டார். எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காலையில் நான்தான் ஓட்டிப்போகிறேன். கேட்டால் கேட்கட்டும்.