காய்ந்த கட்டுமரம்

மாமாவுக்கு,

புயலுக்குப் பிறகு சிதம்பரத்திலிருந்து நீங்கள் சொல்லியனுப்பியதை உங்கள் தங்கை வந்து சொன்னாள். "அண்ணன் கட்டுமரத்த பத்திரமா பாத்துக்கச் சொல்லுச்சு, அண்ணி." பிள்ளைகளைப் பற்றியும் ஏதாவது சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்டு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. விழுந்த மரமெல்லாம் பச்சை. கொட்டகையில் காய்ந்து கிடந்தது உங்கள் கட்டுமரம் ஒன்றுதான். கோடாலியை நீங்கள் கொண்டுபோய்விட்டதால், உடைந்த நங்கூரக் கொம்பை ஆப்பாக வைத்து, அம்மிக் குழவியால் அடித்துப் பிளந்தேன்.

"பொம்பள கால் பட்டா மீன் படாது" என்று என்னை அதன் பக்கமே விட்டதில்லை நீங்கள். அதன்மேல் ஏறி நின்றுதான் அடித்தேன்.

உங்கள் அம்மாவும் அந்த விறகில் காய்ச்சிய கஞ்சியைத்தான் குடித்தார்கள்.

ஒரு கட்டை மிச்சம் இருக்கிறது. சிதம்பரத்துக்காரி அடுப்புக்கு வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள்.

நீங்கள் கரையில் விட்டுப்போனவள்