கம்ப்யூட்டரில் ரோஸியின் முகம்

1987, ஞாயிறு இரவு. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்.

இறந்துபோன மனைவி ரோஸியின் முகத்தை, சிங்கப்பூரில் இந்தப் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்தபின் பலமுறை களிமண்ணில் செய்து பார்த்தேன். மூக்கு அமையவே இல்லை. இன்று ஸ்டெல்லா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த முகத்தைக் கோடுகளால் வரைந்து, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். மண் வேலைப் பழக்கதோஷத்தில் விரலை டம்ளர் தண்ணீரில் நனைத்துத் திரையில் வைக்கப் போனேன்.

“அப்பா, ஷாக் அடிக்கும்லா. நீங்க சொல்லுங்க, நான் மாத்துறேன்.”

“நுனியக் கொஞ்சம் இறக்கும்மா. போதும், போதும், கெடுத்துட்டியே.”

அவள் எதையோ தட்டினாள். பழைய மூக்கு அப்படியே திரும்பி வந்தது. மண்ணில் ஒருமுறை அழுத்தினால் அழுத்தியதுதான். இந்த முறை பாதியளவே இறக்கினாள்.

ரோஸியேதான்.

கையைத் துடைத்துவிட்டுத் திரையில் அவள் கன்னத்தைத் தொட்டேன். நான் செய்த கன்னமெல்லாம் ஜில்லென்றுதான் இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.