சாமத்தியவீடும் சனிக்கிழமை ஆட்டமும்

மார்ச் 6, 2006. திங்கள்.
லண்டன் ஈஸ்ட் ஹாமில் தூறல். காலை கிளினிக். பிசியோ முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இனி கால்பந்து விளையாடலாம் என்றாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இத்தனை மாதம் அக்கா வீட்டு சோபாவில் கிடந்ததற்கு ஒரு விடிவு.

மத்தியானம் ஸ்கொட்லாந்திலிருந்து கிளப் மனேஜரின் அழைப்பு. சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம், என்னை முழு நேரமும் இறக்குகிறாராம். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருட ஒப்பந்தம். எனக்கு முப்பது வயது. மூன்றாம் பிரிவு, பகுதிநேரச் சம்பளம், குளிக்கப் போனால் பாதி நாள் சுடுதண்ணீர் வராது. இருந்தாலும் அந்தப் பின்வரிசை என்னுடைய இடம்.

ஸ்கொட்லாந்துக்குக் கோச் பஸ் டிக்கெட். பூட்ஸ் ஆணி மாற்ற வேண்டும். ஷேவிங் ப்ளேட்.

சாப்பிடும்போது சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமை பிள்ளையின்ர சாமத்தியவீடு."

"ஞாயிறு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஞாயிறு வீடியோக்காரருக்கு ஏலாதாம். போன கிழமையே மாத்தியாச்சு."

அக்கா மகளின் பூப்பு நீராட்டுக்கு நல்ல நாள் பார்த்தது ஐயர் இல்லை, வீடியோக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 7, செவ்வாய்.
குளிர்காற்று. பார்க்கைச் சுற்றி ஓட்டம். நோவு இல்லை.

அத்தான் வேலையால் வந்ததும் மறுபடி அதே கதை.

"பந்தடிதானே தம்பி. அடுத்த சனியும் வரும். பிள்ளைக்கு இது ஒருக்காத்தான்."

"வேற ஆரும் தண்ணி வார்க்க ஏலாதோ?"

"தாய்மாமன் நீர் ஒராள் இருக்க, வேற ஆள் வார்த்தா சனம் என்ன கதைக்கும்?"

அக்கா அழுதாள். அவள் அழுதால் எனக்கு வாய் எழும்பாது. அது அத்தானுக்கும் நன்றாகத் தெரியும். பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 8, புதன்.
மனேஜருக்குப் போன் அடித்தேன். என்னவென்று சொல்வது? மருமகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், நான் போய் அவள் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றா? உடை மாற்றும் அறை முழுக்கச் சிரிக்கும். பருவம் முடியும்வரை சிரிக்கும். பிள்ளையின் மானம் வேறு. முழங்கால் இன்னும் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படவே இல்லை மனுசன். அன்பாகப் பேசினார்.

மடையன் நான். குடும்பத்தில் கலியாணம் என்று சொல்லியிருக்கலாம். கலியாணம் என்றால் வெள்ளைக்காரனுக்கும் விளங்கும். போனை வைத்த பிறகுதான் மூளை வேலை செய்கிறது. திரும்ப எடுத்து மாற்றிச் சொன்னால் பொய்யன்.

மார்ச் 11, சனி.
நல்ல வெயில். மண்டபம் நிறையச் சனம், வாசலில் வெள்ளை லிமோசின், எனக்குப் பட்டுவேட்டி. காலையில் தண்ணீர் வார்த்தது இரண்டு தரம். முதல் தரம் வெளிச்சம் சரியில்லை என்றார் வீடியோக்காரர். பிள்ளை நடுங்கிக்கொண்டு, "மாமா, கெதியா ஊத்துங்கோ" என்றாள். பாவம், அவளையும் யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மேடையில் நின்று படத்துக்குச் சிரித்தேன். அங்கே ஆட்டம் தொடங்க விசில் ஊதியிருப்பார்கள். மாலை, கோல்கீப்பரிடமிருந்து மெசேஜ்: வென்றார்களாம், ஒரு கோலும் வாங்கவில்லையாம். என் இடத்தில் நின்றவன் திறமாம்.

மார்ச் 14, செவ்வாய்.
மழை. மனேஜர் போன் எடுத்தார். அடுத்த வருட ஒப்பந்தம் இல்லை. இந்த முழங்காலை நம்பிக் கையெழுத்து வைக்க முடியாதாம். என்னை விசாரித்த இன்னொரு கிளப்புக்கும் அதையே சொன்னாராம், என் நன்மைக்காக. இனி யார் எடுப்பான்?

மாடிப்படியில் மூன்று மூன்றாகத் தாவி ஏறினேன். ஒரு நோவும் இல்லை. நாசமாய்ப் போன முழங்கால்.

கீழே வந்து சொன்னேன். அக்கா தேத்தண்ணி போடப் போனாள். அத்தான் ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்டுக்கும் யோசியாதையும் தம்பி. கோடையில எங்கட ஊர்ச்சங்க டீமுக்கு ஒரு நல்ல டிபெண்டர் தேவை. உமக்கும் இனிச் சனிக்கிழமையள் சும்மாதானே."