மேற்கு ஜன்னலும் சாரல் தாளும்

என் அருமை அத்தான்,

மேலகரத்தில் நம் தாள் கொட்டகையின் மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி போடுவது என்று நேற்று நம் குடும்பம் கூடி முடிவெடுத்தது. அக்கா தலைமை வகித்தாள். விவாதம் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியது. உங்கள் வாக்கையும் அக்காவே போட்டாள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு சீசன் ஆகிறது. குற்றாலத்தில் நல்ல சாரல். நம் ‘சாரல்’ கைதுடைக்கும் தாளும் நன்றாகப் போகிறது.

மரக்கடை வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தீர்களே, அந்த ஆடி நினைவிருக்கிறதா? ஆலங்குளத்திலிருந்து அப்பா வந்து கெடு வைத்தார்.

“மாப்பிள்ள, சீசன் முடியதுக்குள்ள ஒரு கடையாவது இத வாங்கணும். இல்லன்னா பேசாம நம்ம அரிசி மில்லுல வந்து உக்காருங்க. நாற்காலி போட்டு வச்சிருக்கேன்.”

ஓட்டல்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “அருவியே பக்கத்துல கொட்டுது. கை தொடைக்கத் தாளு எதுக்கு அண்ணாச்சி?” தர்க்கத்தில் பிழை சொல்ல முடியவில்லை.

ரயிலில் வந்த காகித உருளையை விரித்து, வெட்டி, மடித்து அடுக்கினோம். சாரலுக்கு ஜன்னலை அடைப்பது விருந்தாளியை வாசலில் நிறுத்துவதற்குச் சமம் என்று நீங்கள் மூடவிடவில்லை. விருந்தாளி உள்ளே வந்து தாள்மீது உட்கார்ந்தார். காய்ந்தபின் பார்த்தால் தாளெல்லாம் நாலு நாலாக ஒட்டியிருந்தது. பிரித்தால் கிழிந்தது. அக்கா கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினாள். அதுதான் பயமாக இருந்தது.

வேறு சரக்கில்லாமல் அதையே செங்கோட்டைச் சாலைப் பரோட்டாக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார பாய் சால்னாக் கையைத் துடைத்துப் பார்த்தார்.

“போன வாரம் மாதிரிக்குத் தந்தது வெரல்லயே ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுட்டு. இது கெட்டியா இருக்கு. இதுல்லா தாளு! இதே மாதிரிதான் வேணும் அண்ணாச்சி.”

“இது ஸ்பெஷல் தயாரிப்பு பாய். ரெண்டு நாளாவும்” என்றீர்கள், முகம் மாறாமல். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் மணி தானாக அடித்தது.

இன்று கடையநல்லூர் கல்யாணப் பந்திகளில் ‘நாலொட்டு’ என்று கேட்டு வாங்குகிறார்கள். சாரல் இல்லாத மாதங்களில், வெற்றிலைக்குத் தெளிப்பதுபோல அக்கா தாளுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். தொழில் ரகசியத்தை இந்த நினைவு மடலில் ஊரறியச் சொல்லிவிட்டேன். கோபமா?

கொக்கி, காற்றில் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருப்பதற்காக. நான் இருக்கும்வரை அது திறந்தே இருக்கும், அத்தான்.

மில்லில் கிடந்த நாற்காலியைப் போன மாதம் அப்பா இங்கே அனுப்பிவிட்டார். வெட்டிய தாளை அதில் அடுக்குகிறோம்.

என்றும் உங்கள் மைத்துனன்,
மேலகரம்