கார்டில் எழுதாமல் விட்ட வரி

அப்பா,

அம்மா இன்று சாயங்காலம் தயிரைத் துணியில் கட்டிச் சமையலறைக் குழாயில் தொங்கவிட்டாள். கீழே வைத்த கிண்ணத்தில் நீர் சொட்டுகிறது. நசுக்கி வைத்த பூண்டின் வாசனை படுக்கை வரை வருகிறது. நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா பக்கத்திலேயே தூங்குகிறாள். அவள் பார்த்துவிடக் கூடாது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு அழுகையே வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இப்போதும் வரவில்லை. ஊட்டிக் குளிரில் விடியற்காலையில் பாத்திரம் கழுவினால் விரல்கள் வேறு யாருடையவோ போல ஆகிவிடும் அல்லவா, எனக்கு உள்ளேயும் அப்படித்தான் இருக்கிறது.

இந்தத் தயிர்ப் பக்குவம் நீங்கள் சமைத்த ஹோட்டலிலிருந்துதான் காந்தலில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கேட்கிறார்கள் என்று மேனேஜர் உங்களைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். கிரேக்க நாட்டுத் தொடுகறி, பெயர் சாட்சிகி. நீங்கள் ‘சாச்சிக்கி’ என்றீர்கள். நான் சிரித்தேன்.

“வாயில நுழையலீன்னா என்ன அம்மிணி, வயித்துல நுழைஞ்சாச் செரி” என்றீர்கள்.

“ஏனுங்க, இது நம்ம வெள்ளரிக்காப் பச்சடிதானுங்க. இதுக்கா இத்தன பெரிய பேரு?” என்றாள் அம்மா.

“பச்சடி உன்ற தம்பியாட்டம், ஓரெடத்துல நிக்காது. இது வெச்ச எடத்துல நிக்கும்” என்றீர்கள். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

நம் வீட்டில் தயிர் உறையவே ஒன்றரை நாள் ஆகும். பாத்திரத்துக்கு உங்கள் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைப்பீர்கள். உறைந்த பிறகு இரவெல்லாம் கட்டித் தொங்கவிடுவீர்கள். வெள்ளரிக்காயைத் துருவி, கைப்பிடி உப்புப் போட்டுப் பிழிவீர்கள். நசுக்கிய பூண்டோடு ஹோட்டலில் ஆலிவ் எண்ணெய், வீட்டில் நல்லெண்ணெய். உப்பெல்லாம் பிழிந்த தண்ணீரோடு போய்விடும் என்று நாம் நினைத்தோம். போகாது. நாக்கில் வைத்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கார்டு. பஃபேயில் ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் ஒரு கார்டு வைக்க வேண்டும், அந்தப் பண்டத்தில் என்ன இருக்கிறது, உடம்புக்கு என்ன நன்மை என்று எழுத வேண்டும் என்றார் மேனேஜர். “என்ற மக எழுதுவாளுங்க” என்று வாங்கி வந்துவிட்டீர்கள். நான் போனில் தேடிப் படித்து ஆங்கிலத்தில் எழுதினேன். நீர் வடிந்த கெட்டித் தயிரில் புரதம் அதிகம், பால் சர்க்கரை குறைவு. எலும்புக்குக் கால்சியம் உண்டு. தயிரிலிருக்கும் நுண்ணுயிரிகள் குடலுக்கு நல்லவை. ஆலிவ் எண்ணெயில் இருப்பது நல்ல கொழுப்பு. பூண்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்.

நான் படித்த பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பூண்டு ஓரளவுதான் உதவலாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கார்டு உள்ளங்கை அளவுதான், இடமில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு மாத்திரைப் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டுமே என்று தமிழிலும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கார்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அதிலும் அந்த வரி இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் நான் உங்கள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றீர்கள். “அந்தப் பிரஷர் மாத்திரயத் தின்னா கிறுகிறுங்குது அம்மிணி, அடுப்புக்கு முன்னால நிக்க முடியறதில்ல. நிறுத்திப்போட்டேன். பூண்டே அந்த வேலையப் பாக்கும்னு நீயே எழுதியிருக்கறயல்லோ? அம்மாகிட்டச் சொல்லீராத, ஊரக் கூட்டுவா.”

“செரிங்கப்பா” என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகையில் நீங்கள் ஹோட்டல் சமையற்கட்டில் விழுந்தீர்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா?” என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

“ஒரு நாள் தப்பாமத் தின்னாருங்க” என்றாள் அம்மா.

நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சேலையில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்யும்போது அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஜி.எச்.சில் பார்த்துவிட்டு அவளுக்கும் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்று பார்த்தேன், பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு, “தின்னா இன்னும் சுத்துது. உங்கப்பன் இந்தத் தயிரத் தின்னு எத்தன தெம்பா இருந்தாரு? அவரு போனது விதி” என்றாள். பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்போதிருந்து பயமாக இருக்கிறது, அப்பா. சொன்னால் எட்டு மாதமாக நான் மறைத்தது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அம்மாவும்...

இந்த இடத்தில் அம்மா விழித்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து இப்போது எழுதுகிறேன்.

“என்ன புள்ள போர்வைக்குள்ள வெளிச்சம்? போனா?”

“இல்லீங்கம்மா.”

போர்வையை விலக்கிய கை என் கன்னத்தில் பட்டது. ஜில்லென்று இருந்தது. நான் சொல்லிவிட்டேன். “மாத்திரயத் தின்னுங்கம்மா. அப்பா தின்னலீங்க. எனக்குத் தெரியும். நான் எழுதுனதப் படிச்சுட்டுத்தான் நிறுத்துனாருங்க.” விட்டுப்போன வரியையும் சொன்னேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“எப்பருந்து தெரியும்?”

“ஐப்பசியிலருந்துங்க.”

“நான் அந்த டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னனே. நீ பக்கத்துலதான நின்னுட்டிருந்த?”

“ஆமாங்க.”

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. எழுந்துபோய் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். திரும்பி வந்து சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தாள். “அந்த மனுசனுக்கு என்றகிட்டச் சொல்றதுக்கு என்ன பயம்?” என்று சுவரைக் கேட்டாள். இன்னும் தூங்கவில்லை. மூச்சிலேயே தெரிகிறது.

விடிந்ததும் அந்தத் தயிரில் உப்பைக் குறைத்துப் போட்டு நானே கலக்கப் போகிறேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல சாப்பாடுதான். சாப்பாடு மட்டும்தான். உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அதுவும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஜி.எச்.சுக்குப் போவேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், தானாக நிறுத்தக் கூடாது என்று பயாலஜி மிஸ் இந்த வருடம் வகுப்பில் சொன்னார். வர வேண்டாம் என்று அம்மா சொன்னாலும் பின்னாலேயே போவேன். பயம் போகவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் இந்த முறை டாக்டர் கேட்டால், அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுவேன்.