ஓடைக்குப் போகாத பால்

யூன் 23, செவ்வாய்
வெயில். மழை இல்லை. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டாம் பம்ப் முனகுகிறது, பொறுப்பாளன் ஊவேயிடம் சொல்ல வேண்டும்.
பழைய பதிவுகளைப் புரட்டினேன். போன வருடம் ஒரு ஞாயிறு, அதற்கு முந்திய வருடமும் ஒரு ஞாயிறு, காற்றூட்டும் தொட்டியில் ஒட்சிசன் விழுந்திருக்கிறது. காரணம் பிடிபடவேயில்லை. நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டும் இந்த ஊரில் இருக்கிற எங்கள் தமிழ்க் கோயிலின் தேர் நாள்.
பாலபிஷேகம்! குடம் குடமாய், நேரே வடிகாலுக்குள். வருகிற ஞாயிறும் தேர்.
ஊவேயிடம் சொல்வதா? இத்தனை வருட வேலையில் இங்கே வெள்ளைக்காரர் ஒருவரும் "உங்கள் ஆட்கள்" என்று சொன்னதில்லை. கேட்க விருப்பமுமில்லை.

யூன் 24, புதன்
சொல்லிவிட்டேன். ஊவே சிரிக்கவில்லை.
"உன் சாமி எவ்வளவு குடிப்பார்?"
"என் சாமி இல்லை. முந்நூறு லீற்றர்."
விசிலடித்தான். நுண்ணுயிர்கள் பாலைத் தின்கிற அவசரத்தில் ஒட்சிசனை முடித்துவிடும். மிச்ச அழுக்கு அப்படியே ஓடைக்கு. இந்தக் கொஞ்சத் தண்ணீரில் ட்ரவுட் மீன் குஞ்சுகள் தப்பாது.
பிறகு, சேற்றைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் கோபுரத்தைக் காட்டினான். "அது பால் குடிக்கும். பிடித்துத் தா."

யூன் 26, வெள்ளி
கோயில். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. மடைப்பள்ளியிலிருந்து ஒரு குரல்: "அக்கா வந்திட்டா, இண்டைக்கு மழைதான்!"
தலைவர் சிவம் அண்ணைக்கு விளக்கினேன்.
"பிள்ளை, சாமிக்கு வார்த்த பாலைக் கழிவுத் தொட்டிக்கோ கொண்டு போறீர்? ஏலாது."
ஐயர்தான் திரும்பிப் பார்த்தார்.
"அண்ணை, இவ்வளவு காலமும் அது எங்கை போனதெண்டு நினைச்சீங்கள்? கக்கூஸ் தண்ணியோடைதானே!"
மடைப்பள்ளியே சிரித்தது. சிவம் அண்ணையும்.
"ஓம், சரி. பிடியுங்கோ."

யூன் 28, ஞாயிறு
எடுத்துப்போக: குழாய், கவ்வி, வடிகட்டி (பூ அடைக்கும்), பழைய சேலை.
வடிகட்டி பத்தே நிமிடத்தில் அடைத்தது. சேலைதான் காப்பாற்றியது. மூன்று பீப்பாய் நிறைந்தன.
ஊவே இழுவைத் தொட்டி வண்டியுடன் வந்தான். நெற்றியில் யாரோ சந்தனம் வைத்துவிட்டார்கள். வடை ஐந்து தின்றான். "உன் ஆட்கள் நல்லாய்ச் சமைக்கிறார்கள்" என்றான். அந்தச் சொல் குத்தவேயில்லை. ஆச்சரியம்.
தேர் நகர்ந்தபோது நான் கைத்தொலைபேசியில் ஒட்சிசன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு அசையவில்லை.

யூன் 29, திங்கள்
இரவு முழுதும் ஒட்சிசன் விழவில்லை! காலை முதல் வேலையாய் வெளியேற்று குழாயடிக்குப் போனேன். தண்ணீர் கண்ணாடி. குழாய்க்குக் கீழே, கல்லின் நிழலில் குஞ்சுகள், எதிரோட்டத்தில் வாலை ஆட்டியபடி. எண்ண முயன்று விட்டுவிட்டேன். சப்பாத்து நனைந்தது.
கோபுரத்தில் வாயு கூடியிருக்கிறது. ஊவேக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் காய்ச்சுவார்கள் என்று சிவம் அண்ணை சொன்னாராம். கோபுரத்துக்கு மிஞ்சுமா என்று கேட்கிறான்.
மிஞ்சாது என்றேன். நானும் குடிக்கப் போவதாய் இருக்கிறேன்.