படத்தில் என் புத்தகம்

என் ஞாபகத்தை நானே இனி நம்பமாட்டேன். போன செவ்வாய்க்கிழமை காரை ஓட்டியது நீதான் என்று மூன்று நாளாகச் சாதித்தேன். சிவப்பு விளக்கைத் தாண்டியதாக உன் பேருக்கு வந்த நோட்டீசில் இருக்கும் கேமராப் படத்தை இன்று காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே அன்று நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் கிடக்கிறது.

"வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க! என் லைசென்சுல இன்னொரு கரும்புள்ளி விழுந்தா ஸ்கூல் வேன் ஓட்ட விடமாட்டாங்க" என்று நேற்று ராத்திரி நீ கத்தினாய். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது: பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது, வழிவிடத்தான் கோட்டைத் தாண்டினேன். அந்தக் கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில் பழியைக் கட்டிவிடுகிறது. என்ன நியாயம் இது? நானும் உனக்கு அதைத்தான் செய்தேன் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஓட்டியது நான் என்று எழுதிக்கொடுக்கப் போக்குவரத்து அலுவலகத்துக்கு பஸ்ஸில் போகிறேன். கார் சாவி ஆணியில் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். பிளம்பர் வந்தால் குளியலறைக் குழாயைக் காட்டு.

மணி மூன்று. உனக்கு முன்னால் நானே வந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்ததை அங்கே யாரும் நம்பவில்லை. "எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க" என்றார் குமாஸ்தா. கரும்புள்ளி என் பேருக்கு மாறிவிட்டது. உன் வேலைக்கு ஆபத்தில்லை. பிளம்பர் வரவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளறையில் படுத்திருக்கிறேன், திட்டுவதென்றால் எழுப்பு, இந்தமுறை பதில் சொல்கிறேன்.